தொட்டில் பலகைக் குதிரைகள்

கரம்பொன்
19.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. உங்கள் நலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் யார் என்றும் தெரியும்.

நான் எடுத்தால் நீங்கள் போனைத் தொடுவதில்லை. தொட்டாலும் எனக்குக் கதை வராது, அழுகைதான் வரும். அதனால்தான் கடிதம். தபாற்கந்தோரில் நெடுந்தீவுக்கு முத்திரை கேட்க, அங்கே இருந்தவர் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிற ஆளும் இருக்கிறதா என்பது போல என்னைப் பார்த்தார். வேலை விண்ணப்பம் என்று பொய் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நான் கட்டிலுக்குக் கிட்ட வந்தபோது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அது சரியான தண்டனைதான். ஆனால் ஒருமுறையாவது நடந்ததை என் வாயால் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

தை மாதம் அந்த மெஷினை வாங்கினேன். இருக்கிறதுக்குள் விலை குறைந்த சீனத்து ஸ்குறோல் சோ. நூல் மாதிரி ஒரு பிளேட் மேலும் கீழும் ஓடும், பலகையை வளைத்து வளைத்து அறுக்கலாம். போட்ட முதல் நாளே மேசையையும் இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டது. அம்மாவின் பழைய தையல் மெஷின் மேசையில் துளைபோட்டு இறுக்கினேன், அதற்கு அம்மா ஒரு கிழமை ஏசினா. முதன்முதல் அறுத்த மாம்பழத்தைப் படமெடுத்து அனுப்ப, 'கத்தரிக்காய் நல்லாயிருக்கு' என்று நீங்கள் பதில் போட்டீர்கள். அந்த ரோசத்தில்தான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு பின்னேரமும் பழகினேன். தள்ளித் தள்ளி எத்தனையோ பிளேட்டை முறித்தேன். பிறகுதான் விளங்கியது, பலகையைத் தள்ளக்கூடாது, அது தின்னுகிற வேகத்தில் கொடுக்கவேண்டும் என்று.

மருமகப்பிள்ளைக்குத் தொட்டில் என்று நினைத்ததும் உங்கள் தீவில் தன்பாட்டில் திரிகிற குதிரைகள்தான் மனதில் வந்தன. மெல்லிய பலாப்பலகையில் இரண்டு பக்கத்துக்கும் வரிசையாகக் குதிரைகள் அறுத்தேன். உள்ளுக்குள் அறுப்பதென்றால் முதலில் துளைபோட்டு அதற்குள்ளால் பிளேட்டைக் கோக்கவேண்டும். இந்த மலிவு மெஷினின் பிளேட் முனையில் குறுக்கே ஒரு சின்ன ஊசி இருக்கிறது. அது போகிற துளையே குதிரையின் கண்ணைவிடப் பெரிது. அதனால்தான் எல்லாக் குதிரையும் பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறது.

ஏன் இவ்வளவு முந்திக் கொண்டுவந்தேன் என்று கேட்பீர்கள். ஆடியில் பிள்ளை பிறக்கிற நேரம் சோளகக் காற்று அடிக்கும், பலகையோடு படகேற ஏலாது. கடல் படுத்துக் கிடக்கும்போதே கொண்டுவந்து வைப்போம் என்று பெரிய மூளைசாலி மாதிரிக் கணக்குப் போட்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மறிப்பா என்று உரப்பையில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

உங்கள் மாமி யோகம்மா பலகையைக் கண்டதும் முகம் கறுத்தா. "பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் கழிய முந்தி உதை ஏன் தம்பி கொண்டு வந்தனீர்? எடுத்து வெளியில வையும்" என்றா. நான் சிரித்தேன். "இது பலகை மாமி, கடிக்காது" என்றேன். நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள்.

அடுத்த கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைகூட அத்தான் படகில் கொடுத்துவிட்ட நெய்ப்போத்தல் வந்து சேர்ந்தது. அம்மா புட்டுக்கு விட்டுச் சாப்பிட்டு, பேரனுக்கும் இந்த நெய்தான் என்றா. மறுநாள் பின்னேரம், வயிற்றுப்பிள்ளை போய்விட்டது என்று அத்தானின் போன் வந்தது.

மன்னியுங்கோ என்று கேட்க எனக்கு வாயில்லை. மெஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டேன்.

உங்கள் தம்பி,
துஷ்யந்தன்


நெடுந்தீவு
02.06.2024

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இனி எழுதாதே.

பலகை இரண்டையும் மாமி மாட்டுக்கொட்டிலுக்குள் போட்டிருக்கிறா. எறியவும் மனம் வரவில்லை, வீட்டுக்குள் வைக்கவும் விருப்பமில்லை. காலையில் பால் எடுக்கப் போனால் அந்தக் குதிரைகள் என்னைப் பார்த்து முழிக்கின்றன. நீ செய்த வேலையை நான் நாளுக்கு ஒரு தரம் பார்க்கிறேன்.

பார்க்க வருகிற சனத்துக்கு மாமி தொட்டில் கதையைத்தான் சொல்லுகிறா. வருகிறவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. சிரித்தவன் நீ. வயதுக்கு மூத்த மனுசி ஒரு சொல் சொன்னால் பல்லைக் காட்டுகிறதா? சின்னனிலும் உனக்கு இந்தப் பழக்கம் இருந்தது. அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்தா.

அம்மாவை வரச்சொல்லாதே. நீயும் வராதே.

பிரியவதனி


கரம்பொன்
16.06.2024

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். சொன்ன சொல் கேட்காதவன் என்று ஏற்கெனவே பெயர் எடுத்துவிட்டேன், இனி என்ன.

மெஷினை விற்க ஆள் பார்த்தேன். ஊர்காவற்றுறையிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார். சத்தத்தையும் ஆட்டத்தையும் கண்டுவிட்டு, உது மரம் அறுக்கிறதோ ஆளை அறுக்கிறதோ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உடைப்போம் என்று சுத்தியலைத் தூக்கினேன். அம்மா வந்து கையைப் பிடித்தா. மெஷின் என்னடா செய்தது உனக்கு என்று கேட்டா. அது ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்றேன். அம்மா சுத்தியலை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அங்கே நின்று அழுததை நான் காணாத மாதிரி இருந்தேன்.

அக்கா, ஒன்று சொன்னால் கோபிக்கக்கூடாது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. ஊரில் பிரசவம் பார்க்கிற எங்கள் மருத்துவமாது ஞானசவுந்தரி அக்காவிடம் போய், ஒரு தொட்டில் பலகையால் பிள்ளை போகுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவ சிரிக்கவில்லை. என்னை இருக்கச்சொல்லித் தேத்தண்ணி தந்தா. பலகையால் ஒரு பிள்ளையும் போனதாகத் தான் படிக்கவில்லை, ஆனால் தனக்கும் பிள்ளை பிறக்கிற வரைக்கும் தாய் ஒரு சட்டைகூட வாங்க விடவில்லை என்றா. பிறகு, பிள்ளையின் துடிப்பு எப்போது குறைந்ததாம் என்று கேட்டா. எனக்குத் தெரியாது என்றேன். அதோடு அவவும் விட்டுவிட்டா, நானும் வந்துவிட்டேன்.

அவ சொன்னதால் என் மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். பலகை காரணமோ இல்லையோ, நான் சிரித்தது சிரித்ததுதானே.

சாப்பிடுங்கோ அக்கா.

துஷ்யந்தன்


நெடுந்தீவு
30.06.2024

துஷ்யந்தன்,

உனக்கு ஆர் அதிகாரம் தந்தது?

என் வயிற்றுக் கதையை ஊரிலுள்ள மருத்துவமாதிடம் கொண்டுபோய் வைத்து, தேத்தண்ணி குடித்துக் கதைத்திருக்கிறாய். துடிப்பு எப்போது குறைந்தது, எப்போது நின்றது என்று கேட்க அவ ஆர்? கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஆரும் எதையும் கேட்கலாம். அங்கே வாசலில் பஸ் வரும், ஓட்டோ வரும். இங்கே வயிற்றுப்பிள்ளையோடு ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடிய முந்தி எழும்பி, படகில் ஆட்களின் முழங்காலுக்குள் முழங்காலாக இருந்து, ஆட்டத்தில் சத்தி எடுத்து, குறிகட்டுவான் துறையில் இறங்கி, பிறகு பஸ்ஸில் குலுங்கவேண்டும். வயிறு கொஞ்சம் பேசாமல் இருக்கிறது என்ற உடனே ஓட ஏலாது. முதல் இரண்டு தரம் நான் ஓடவில்லையா? ஓடிப்போய் என்ன கண்டேன்?

எனக்குத் தெரிந்தவுடன் நான் போனேன். வெள்ளிக்கிழமை காற்று, படகு ஓடவில்லை. சனிக்கிழமைதான் போகமுடிந்தது. அதற்கு நான் என்ன செய்ய? ஞானசவுந்தரிக்கு வேண்டுமென்றால் இதைக் கொண்டுபோய்ச் சொல்லு.

மாமி சொல்வதுதான் சரி. அந்தப் பலகை வீட்டுக்குள் வராமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடி நடந்திருக்கும். இனி உன் கடிதம் வந்தால் உடைக்காமல் அடுப்பில் வைப்பேன்.

பிரியவதனி


கரம்பொன்
14.07.2024

அன்புள்ள அக்கா,

அடுப்பில் வைத்தாலும் பரவாயில்லை. எழுதினேன் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

போன கடிதத்தில் நான் எழுதியது பெரிய பிழை. உங்கள் நோவை எடுத்துக்கொண்டுபோய் என் மனம் ஆறுவதற்கு மருந்து தேடியிருக்கிறேன். ஞானசவுந்தரி அக்காவை வழியில் கண்டாலும் இனி இதைப்பற்றிக் கதைக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை படகு ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஓம் அக்கா, ஓடவில்லை. ஆர் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன். நெய்ப்போத்தல் எந்த நாள் வந்தது என்று அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை. நான் ஞாபகப்படுத்தவும் மாட்டேன்.

தொட்டிலால்தான் நடந்தது என்றே இருக்கட்டும். எனக்கு அதில் ஒரு குறையுமில்லை. நான் இங்கே எங்கள் வீட்டில், அம்மாவின் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். சங்கத்தில் ஓரிருவர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் அந்த வீட்டில் அந்த மனிதர்களோடு சீவிக்கவேண்டியவர். பழியைச் சுமக்க ஒரு ஆள் வேண்டுமென்றால் அது நானாகவே இருக்கட்டும். சுமந்து பழகிவிட்டேன். சின்னனில் நீங்கள் உடைத்த கண்ணாடிக் கிளாஸுக்கெல்லாம் அடி வாங்கியவன் ஆர்?

இன்றைக்கு வேறொன்றும் இல்லை. சோளகம் பலமாக அடிக்கிறது. நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கவேண்டிய மாதம் இது. அம்மா காலண்டரில் முந்தி ஒரு நாளுக்கு வட்டம் போட்டிருந்தா. அந்தத் தாளை இப்போது காணவில்லை.

துஷ்யந்தன்


நெடுந்தீவு
11.08.2024

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டிலுக்குள் நின்றுதான் வாசித்தேன். ஓம் அக்கா, ஓடவில்லை என்று நீ எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீ எனக்கு ஏசி எழுதியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். என் பொய்க்கு நீயும் கூட வந்து நின்றதைத்தான் தாங்க ஏலாமல் போயிற்று.

படகு ஓடியது. உனக்கு நெய் வந்த அதே படகு. போத்தலுக்கு மூடியை இறுக்கி, மேலே துணி கட்டி, அத்தானிடம் கொடுத்துவிட்டதே நான்தான். நானும் அதில் ஏறியிருக்கலாம்.

வியாழக்கிழமை பின்னேரமே பிள்ளை அசையாமல் பேசாமல் இருந்தது. முதல் இரண்டு தரமும் இப்படிப் பயந்து ஓடினேன் என்று எழுதினேன் அல்லவா? இரண்டு தரமும் யாழ்ப்பாணத்தில் கட்டிலில் ஏறிப் படுத்தவுடன் பிள்ளை உதைக்கத் தொடங்கிவிட்டது. இரண்டாந்தரம் திரும்பி வந்து படியேறும்போது மாமி, "உந்தப் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் பாக்க ஆசைபோல" என்று சொல்லிச் சிரித்தா. அத்தானும் சிரித்தார், லீவு எல்லாம் முடிந்துபோகுது என்று முணுமுணுத்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாந்தரமும் சும்மா என்று வந்தால் என்ன சொல்லுவார்களோ என்று எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தோடு ஒரு இரவும் ஒரு பகலும் இன்னொரு இரவும் இருந்தேன். வெல்லம் கரைத்துக் குடித்தேன். இடதுபக்கம் படுத்தேன். நாளைக்கு உதைக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு வெட்கத்துக்காகப் பிள்ளையை விட்டுவிட்டேனடா.

பிறகு மாமி தொட்டில் என்று சொன்னபோது, தம்பி, எனக்கு ஆறுதலாக இருந்தது. உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, நல்ல ஆறுதலாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சுவர்ப்பக்கம் திரும்பியது உன்னில் இருந்த கோபத்தில் என்று நீ நினைத்தாய். உன் முகத்தைப் பார்த்தால் உண்மை வாயில் வந்துவிடும் என்ற பயத்தில் திரும்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை மாமி கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டு நின்றா. நான் பால்ச்செம்பைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமையில் இருந்து தெரியும் என்றேன். வீட்டைவிட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன் என்றேன். மாமி சாணிக் கடகத்தை இறக்கி வைத்தா.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றா. "அண்டைக்குப் பின்னேரம் நீ குசினிக் கதிரையில வயித்தில கை வச்சுக்கொண்டு இருந்தனி. என்ன எண்டு நான் கேட்டிருக்கலாம். முந்திச் சிரிச்ச வாய், கேக்க வரேல்ல."

"பிறகேன் மாமி தம்பியின்ர தொட்டிலைச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"வாற சனத்துக்கு எதையாவது சொல்லத்தானே வேணும். உன்னைச் சொன்னால் நீ இந்த வீட்டில இருப்பியே? என்னைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவன் கடலுக்கு அங்கால நிக்கிற பொடியன், தாங்குவான் எண்டு நினைச்சனான்."

நான் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாமி அழவில்லை. சாணிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் தலையில் வைத்தா. அவ என்னை முதன்முதல் தொட்டது அன்றைக்குத்தான்.

அத்தானுக்கு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானே சொன்னேன். அவர் எழும்பி வெளியே போய் மாடுகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு நின்றார். வந்து, நான் போகாமல் இருந்ததற்கு லீவைப்பற்றித் தான் சொன்ன கதைதானா காரணம் என்று மட்டும் கேட்டார். நான் இல்லை என்றேன். அது முழு உண்மையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த நாள் மாமி அந்தப் பலகைகளைக் கொட்டிலில் இருந்து எடுத்துவந்து கிணற்றடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினா. வெயிலில் காயவிட்டு, தன் பழைய சீலை ஒன்றில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றினா. "இனி எப்ப இறக்கிறது எண்டு நான் சொல்லுவன். அதுவரைக்கும் ஒருத்தரும் இதைக் கதைக்கக்கூடாது" என்றா. வருகிற சனத்திடம் தொட்டில் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டா. கேட்கிற ஒருத்திக்கு, அந்தப் பொடியனில ஒரு பிழையுமில்லை என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்பா என்று எதிர்பார்க்காதே. அவ கேட்கமாட்டா. நான் கேட்கிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து.

ஒரு குதிரையின் முன்னங்காலை மாடு மிதித்து முறித்துப்போட்டது. முறிந்த துண்டை எவ்வளவு தேடியும் காணவில்லை. மெஷினை உடைக்காமல் வைத்திருக்கிறாய் என்றால் சாக்கை எடுத்துவிட்டு அதற்கு ஒரு கால் அறுத்து வை. அளவுக்குப் பலகையை அனுப்பச் சொல்லிக் கேட்காதே, அளவை இத்தோடு கீறி அனுப்புகிறேன். அறுத்தாலும் இங்கே அனுப்பாதே. உன்னிடமே இருக்கட்டும்.

உன் அக்கா,
வதனி


கரம்பொன்
25.08.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, பிள்ளை தனிய இருந்து வெல்லம் கரைச்சுக் குடிச்சிருக்கு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா. கடல் கொஞ்சம் படுக்கட்டும், வருகிறோம் என்று சொல்லச் சொன்னா. இனி நீங்கள் வராதே என்றாலும் அவ கேட்கமாட்டா.

மாமியிடம் ஒன்று சொல்லுங்கோ. தாங்குவான் என்று அவ நினைத்தது சரி. ஆனால் முந்தியே சொல்லியிருந்தால் இன்னும் நல்லாய்த் தாங்கியிருப்பேன்.

சாக்கை எடுத்தேன். மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். மாதக்கணக்கில் கை படாததால் முதல் பிளேட் போட்டவுடனேயே முறிந்தது. உங்கள் அளவை ஒட்டி ஒரு கால் அறுத்தேன், மெல்லியதாய் வரும்போது அதுவும் முறிந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது. மரத்தின் நார் போகிற பக்கத்துக்குக் கால் நீளவேண்டும். நான் குறுக்கே வைத்து அறுத்திருக்கிறேன். அந்தக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கீறியிருக்கிறேன். புதிதாய்ப் பழகுகிறவனின் முதல் பிழை அது. ஆக, மாட்டை மட்டும் ஏசாதீர்கள். அது மிதிக்காமல் இருந்திருந்தாலும் என்றைக்கோ முறிந்திருக்கும் கால்தான், அதில் என் பங்கும் இருக்கிறது.

நாரைப் பார்த்துத் திருப்பி வைத்து, தள்ளாமல், அது தின்னத் தின்னக் கொடுத்து இன்னொன்று அறுத்தேன். இது நிற்கும்.

பழைய துணியில் சுற்றி என் அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் வைத்திருக்கிறேன். படம் எடுக்கவில்லை. அம்மாவுக்கும் காட்டவில்லை. மாமி சொல்லுகிற அன்றைக்கு, சோளகம் என்றாலும் கொண்டு வருவேன்.

உங்கள் தம்பி,
துஷ்யந்தன்